பதினான்கு பேரைத் தாண்டுவது

மாமாவை, அதாவது என் மாமனாரை, அந்த நடனத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வீட்டில் விசாரணை நடந்தபோது நான் நிறைய மழுப்பினேன், இங்கேயும் மழுப்ப எனக்கு மனசில்லை.

அது 1998. நாங்கள் அமெரிக்காவில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு அவருடைய விசாவைப் பிடித்துத் தொங்கும் இன்னொரு விசா. அதை வைத்துக்கொண்டு நாட்டில் இருக்கலாம், கார் ஓட்டலாம், சம்பளம் மட்டும் வாங்கக் கூடாது. சென்னையில் ஒரு பாங்கில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர்களை அதட்டிக்கொண்டிருந்தவள் நான். இங்கே அதட்டுவதற்குக்கூட ஆளில்லை. பைத்தியம் பிடிப்பதற்குள் எங்கேயாவது போய்விட வேண்டும் என்று, பத்து நிமிட டிரைவில் இருந்த ஒரு கலை மையத்தில் வாலண்டியராகச் சேர்ந்தேன். முன்பு ஸ்கேட்டிங் ரிங்க்காக இருந்த கட்டடம். போன் எடுப்பேன், கவர் ஒட்டுவேன், நிகழ்ச்சி நாட்களில் டிக்கெட் கிழிப்பேன்.

அந்த மையத்தில் நவீன நடனம் போடுவார்கள். நியூயார்க்கிலிருந்து வந்து ஆடுவார்கள், நியூயார்க்கிலிருந்தே கொஞ்சம் பேர் வந்து பார்ப்பார்கள். எதிர்த்தெருவில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நானே டிக்கெட் கிழித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் வெளியே வந்தவள்தான். இது சரிப்படாது என்று அந்த வருஷம் மையத்தின் டைரக்டர் ஒரு நடன அமைப்பாளரை வரவழைத்து, ஊர்க்காரர்களையே வைத்து ஒரு நடனம் செய்யச் சொன்னார். வயது, அனுபவம் எதுவும் தடையில்லை, சனிக்கிழமை காலைகளில் ஒத்திகை, ஜூன் மாதம் இரண்டு காட்சிகள் என்று நோட்டீஸ் அடித்தார்கள். இந்தியர்களைக் கொண்டுவருவது என் பொறுப்பு.

மளிகைக் கடையில் ஒட்டினேன். ஞாயிறு மதியம் எங்கள் தமிழ்ச் சபை கூடும் சர்ச்சில் ஒவ்வொரு ஆன்ட்டியாகப் பிடித்துப் பேசினேன். எல்லோரும் ஆஹா என்றார்கள். முதல் சனிக்கிழமை ஒருத்தர்கூட வரவில்லை. நான் கொண்டுபோன இந்தியக் குழு முழுவதும் என் மாமனார் ஒருவர்தான். அவரும் நடனமாட வரவில்லை. அவரை வீட்டில் தனியாக விடக் கூடாது என்பது என் கணவரின் உத்தரவு, அன்றைக்கு அவருக்கு ஆபீஸ் இருந்தது, அதனால் மாமா காரில் ஏறினார்.

மாமா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் மாஸ்டராக இருந்தவர். அத்தை இறந்து அடுத்த வருஷமே அவருக்குப் பக்கவாதம் வந்து இடது காலைப் பாதித்தது. பேச்சு திரும்பிவிட்டது, கையும் தேவலை, கால் மட்டும் இழுத்துக்கொண்டே வரும். ஆறு மாதம் எங்களுடன் இருக்கட்டும் என்று என் கணவர் மார்ச்சில் கூட்டிவந்தார். வந்த வாரமே வீட்டிலிருந்த தரைவிரிப்புகள் எல்லாம் சுருட்டப்பட்டன. பாத்ரூமில் கைப்பிடி பொருத்தினார். மாமா நாற்காலியிலிருந்து எழுந்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து, நடை பழகும் குழந்தைக்குப் பின்னால் போவதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போவார். "மெதுவாப்பா. பாத்துப்பா." ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே இல்லை. மாமாவுக்கு எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் பழைய வியாதியையும் அதனால் வரும் எதையும் ஏற்காது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தே என் கணவருக்குத் தூக்கம் போயிற்று. அது நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் மாமா நாள் முழுவதும் உட்கார்ந்து, டிவியில் ஊர் ஊராக மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மனுஷனைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கணவரிடம் ஒருநாள் கத்தியே விட்டேன்.

முதல் ஒத்திகையில் சுமார் முப்பது பேர் வந்திருந்தார்கள். ரிடையரான பள்ளி பஸ் டிரைவர், லைப்ரரியில் வேலை செய்கிற பெண், கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் தெருவுக்குத் தபால் போடுகிற பெரிய உருவத்துக் கறுப்பினத்தவர். இவர்களுடன் ஐந்து நிஜ நடனக்காரர்கள். நடன அமைப்பாளர் ஐம்பது வயதிருக்கும் ஒல்லியான வெள்ளைக்காரி. அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் பிடித்த பிடியை விடவும் மாட்டார். எல்லோரையும் வெறுங்காலுடன் நடக்கச் சொன்னார். தாளம் இல்லை, எண்ணிக்கை இல்லை, அவரவர் மூச்சுக்கு நடக்க வேண்டுமாம்.

ஓரமாக நாற்காலியில் இருந்த மாமாவால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கவுன்ட் இல்லாமல் எப்படி நடப்பார்கள் என்று என்னிடம் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தபால்காரர் வளைவில் திரும்பும்போதெல்லாம் தப்புக் காலை எடுத்து வைக்கிறார் என்றார். அடுத்த அரைமணியில் கேன்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றார், கூடவே நானும். அன்று திரும்பும் வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் திருமணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சிக்கல் நான்காவது சனிக்கிழமை வந்தது. நடனத்தின் கடைசிப் பகுதி இப்படி. பதினான்கு பேர் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்திருப்பார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து மறுபக்கம் போய் மறைவார்கள். மாமாவின் காலைப் பார்த்து அவரைப் படுப்பவர்களில் சேர்த்திருந்தார்கள். என்னை நடப்பவர்களில்.

என் முறை வந்தது. ஆறு பேரைத் தாண்டினேன். ஏழாவது மாமா. கால் எழவில்லை. அவருடைய தலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். திரும்பச் செய்யச் சொன்னார்கள், திரும்பவும் சுற்றிப் போனேன். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, பெரியவர்கள் காலில் விழுவதில்லை. ஆனால் படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்பதும், கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் வேதம் பார்த்தா வருகிறது? அது உடம்பில் ஊறியது. அதிலும் மாமனாரை எப்படித் தாண்டுவேன்.

நடன அமைப்பாளர் என்ன விஷயம் என்று கேட்டார். விளக்கினேன். யாரையும் எதையும் செய்யக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்றார், ஆனால் இந்த இடத்தில் எல்லோரும் வெறும் உடல்கள், பெரியவர் சிறியவர் கிடையாது என்பதுதான் நடனமே என்றார். எங்கள் ஊரில் வெறும் உடல் என்று பிணத்தைத்தான் சொல்வோம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னை விட்டுவிட்டு, தரையில் படுத்திருந்த மாமாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மாமா இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டார். தான் நடக்கப்போவதாக.

அவர் எழுந்துகொள்ளவே ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் படுத்தேன், அவர் நடந்தார். வலது காலை அழுத்தி ஊன்றி, இடது காலை இடுப்பிலிருந்து தூக்கி, ஆளுக்கு ஆள் இடைவெளியில் தேடி வைத்து. அன்றைக்கு மூன்று பேரைத் தாண்டினார். நான்காவது, தபால்காரர். மாமாவின் பாதம் அவருடைய புஜத்தில் உரசியது. மாமா சட்டென்று நின்று, குனிந்து, அந்தப் புஜத்தைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று தபால்காரர் பதறி எழுந்தார். இது மன்னிப்புக் கேட்கிற விதம் என்று நான் சொன்னேன். அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.  நடன அமைப்பாளர் கடைசியில், கால் பட்டால் அப்படிச் செய்யுங்கள், படாவிட்டால் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

ஆக, என் வீம்பினால்தான் மாமா நடக்க ஆரம்பித்தார். வீட்டில் என் கணவர் கேட்டபோது, அப்பா மேடையில் சும்மா படுத்திருப்பார், அவ்வளவுதான் என்றேன். ஒரு வாரம் முன்புவரை அது உண்மையாகத்தான் இருந்தது. மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஆனால் சனிக்கிழமைகளில் தரையில் படுத்து அவர் காலடியைக் கேட்கும்போது அந்தச் சந்தோஷம் போய்விடும். வலது கால் தொப்பென்று விழும், பிறகு ஒரு இழுப்பு, பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காத நேரம்தான் பயம். ஐந்து பேர், எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வாரத்துக்கு வாரம் கூடியது. கடைசி ஒத்திகையிலும் பதினான்கு பேரையும் தாண்டவில்லை. பன்னிரண்டாவதில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். காரில் ஏறியதும், "மேடையில தாண்டிருவேன்," என்றார்.

முதல் காட்சி சனிக்கிழமை மாலை. மையத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆடுபவர்களின் வீட்டாரே பாதி அரங்கத்தை நிரப்பிவிட்டார்கள். ஒத்திகைக்கு வராத ஆன்ட்டிகள்கூட வந்திருந்தார்கள். என் கணவர் மூன்றாவது வரிசையில் இருந்தார்.

கடைசிப் பகுதி வந்தது. படுப்பவர்களின் வரிசையை இடையில் மாற்றியிருந்தார்கள், நான் இப்போது பதினொன்றாவது ஆள். மற்றவர்கள் எல்லாம் நடந்து போன பிறகு, மாமா தனியாக வந்தார். எனக்கு மேலே விளக்கு மட்டும்தான் தெரிந்தது. காலடியை எண்ணினேன். நான்கு. ஏழு. பக்கத்தில் படுத்திருந்த லைப்ரரிப் பெண்ணும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பத்து. வலது கால் என்னைத் தாண்டி ஊன்றியது. இடது கால் வரவில்லை. என் இடுப்பில் வந்து முட்டி நின்றது. அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தேன்.

என் கை போய்விட்டது. யோசித்துச் செய்யவில்லை. ஒரு கையால் அவர் கணுக்காலையும் மறு கையால் முழங்காலையும் பிடித்து, பாதத்தை என் மேலாகத் தூக்கி மறுபக்கம் வைத்தேன். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ கைதட்டத் தொடங்கி எல்லோரும் தட்டினார்கள். மாமா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மிச்சமிருந்த மூன்று பேரையும் தாண்டிப் போனார்.

உள்ளே நடன அமைப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இதுவரை இந்த நடனத்தில் இல்லாத ஒன்று இன்று வந்துவிட்டது, நாளையும் இதை அப்படியே செய்யுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா மூலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

காரில் என் கணவர் பொரிந்து தள்ளினார். "படுத்திருப்பார்னு சொன்ன. என்கிட்ட படுத்திருப்பார்னு சொன்ன." அதையே மூன்று தடவை சொன்னார். நாளைக்குக் கிடையாது, முடிந்தது என்றார். விழவில்லையே, நான்தான் பிடித்தேனே என்று நானும் குரலை உயர்த்தினேன். 

வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தபோதுதான் மாமா கேட்டார்.

"நீ எதுக்கு என் காலைப் பிடிச்ச?"

"விழுந்திருப்பீங்க மாமா."

"விழுந்தா எந்திரிச்சிருப்பேன்." தம்ளரைக் கீழே வைத்தார். "அவன் பிடிச்சுக்கிட்டே இருக்கான்னுதான் நான் உன்கூட வந்தேன்."

 எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்ததற்கு இதுவா என்று அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். பிறகு கை ஓய்ந்துவிட்டது. இத்தனை நாள் என் கணவரை எதற்காகத் திட்டிக்கொண்டிருந்தேனோ அதையே நூற்றைம்பது பேர் முன்னால் செய்திருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். பதினான்கு பேரையும் அவர் தாண்டியிருப்பாரோ மாட்டாரோ, அது இனி யாருக்கும் தெரியாது. அவமானமாக இருந்தது.

மறுநாள் காட்சி மூன்று மணிக்கு. ஒரு மணிக்கே மாமா உடை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். இன்றைக்கு சர்ச் இருக்கிறது என்றார் என் கணவர். ஆண்டவர் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார் என்றார் மாமா. பிறகு மகனைப் பார்த்து, "நீ வந்தா உன் கார். இல்லைன்னா இவ கார். நான் போறேன்," என்றார். என்னைப் பார்த்து, "நீ படுக்கக் கூடாது. கீழ ஜனங்களோட உக்காரு," என்றார். என் கணவர் சாவியை எடுத்துக்கொண்டார். கோபம் தணிந்து அல்ல, தான் இல்லாதபோது விழுந்துவிடப்போகிறாரே என்ற பயத்தில்.

நடன அமைப்பாளரிடம் நான் படுக்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் வாடியது. நேற்றைய அந்தக் கணத்துக்காகவாவது என்று தொடங்கினார். அது நடனம் இல்லை, என் தப்பு, மாமா என்னிடம் உதவி கேட்கவே இல்லை என்றேன்.  பதினொன்றாவது இடம் காலியாக இருக்கக் கூடாது என்று மட்டும் அவர் சொன்னார். காட்சி நேரத்தில் பார்த்தால், அந்த இடத்தில் அவரே படுத்திருந்தார்.

நானும் கணவரும் மூன்றாவது வரிசை.  மாமா வந்தார். படுத்துக்கொண்டு கேட்டது போதாதென்று இப்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது. இடது கால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு பேரைத் தாண்டினார். ஏழாவது தபால்காரர். பாதம் அவர் தோளில் பட்டது.

மாமா நின்றார். படுகிறபோது செய்கிறதை அவர் செய்தாக வேண்டும். குனிந்தார். முழங்கால் மடங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தே விட்டார். தபால்காரரின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை.

என் கணவர் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உக்காருங்க."

"விழப்போறார்."

"தெரியுது. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, நான் பிடியை விடவில்லை.  மேடையில் தபால்காரர் இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். அவர் நினைத்திருந்தால் ஒரே கையால் மாமாவைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம். தூக்கவில்லை. நேற்று எனக்குத் தெரியாதது அந்த மனுஷருக்குத் தெரிந்திருந்தது. மாமா உள்ளங்கையைத் தரையில் பதித்தார். ஒரு முறை எழுந்து மறுபடி உட்கார்ந்தார். யாரும் இருமக்கூட இல்லை. இரண்டாம் முறை கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை என்று எழுந்து நின்றார். மூச்சு வாங்கினார். எட்டு. ஒன்பது. பத்து. நடன அமைப்பாளரைத் தாண்டும்போது கால் தெளிவாக மேலே போயிற்று. பன்னிரண்டாவதில் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனார். பதினான்காவது ஆளையும் தாண்டி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், திரைக்குப் பின்னால் போய்விட்டார். அப்போதுதான் என் கணவர் உட்கார்ந்தார். நான் அவர் மணிக்கட்டை விட்டேன், அதில் என் விரல் தடம் பதிந்திருந்தது.

கார் நிறுத்தத்தில் வெயிலில் கண் கூசியது. மாமா எங்களுக்கு முன்னால் தனியாக நடந்து வந்து கார்க் கதவருகில் நின்றார். என் கணவர் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார். "கால் வலிக்குதாப்பா?"

"வலிக்குது," என்றார் மாமா. "எப்பவும் வலிக்கும். நேத்திலிருந்து நல்லாவே வலிக்குது."

எங்களிடம் வந்த நாள் முதல் அந்தக் கேள்விக்கு அவர் இல்லை என்றுதான் சொல்லிவந்தார். ஆமாம் என்றால் உட்கார வைத்துவிடுவோம் என்று தெரிந்துதான் அத்தனை நாளும் அப்படிச் சொல்லியிருக்கிறார். என் கணவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார், கை கொடுக்கவில்லை. மாமா காலை எடுத்து உள்ளே வைத்து உட்கார வெகுநேரம் ஆனது. நாங்கள் இருவரும் வெயிலில் நின்று காத்திருந்தோம்.